கேணிப்பக்கம்

போன மாதம் நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி மண்ணைத் தின்றது.

சிரிக்காதீர்கள். அரசாங்கப் பொறியாளராகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். மண் காணாமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் லாரி ஏறிப் போன மண். இது நின்ற இடத்திலேயே கீழே போயிற்று.

ஓய்வு பெற்ற டாக்டரைப் பார்த்தால் எல்லோரும் நாக்கை நீட்டுவார்கள். ஓய்வு பெற்ற எஞ்சினியரைப் பார்த்தால் மனையைக் காட்டுவார்கள். எனக்கு மனையைக் காட்டியவர் ஜமால் பாய். கூத்தாநல்லூர்க்காரர். குவைத்தில் ஏ.சி. ரிப்பேர் பார்த்தே தலை நரைத்துத் திரும்பியவர். பாலைவனத்தில் பிறர் வீடுகளைக் குளிர வைத்துச் சேர்த்ததை எல்லாம் இங்கே ஒரு மனையில் போட்டிருந்தார்.

"பொண்ணுக்கு நிக்காஹ் பேசியாச்சு சார். எங்க குடும்பத்துல வீட்டைக் கட்டிக் குடுத்துட்டுத்தான் நிக்காஹ் வைப்போம். மழை விட்டதும் தேதி. அதுக்குள்ள கூரை ஏறியாகணும். ஆனா இந்தக் குழி…" போனில் இழுத்தார்.

"குழிக்கு என்ன?"

"எவ்வளவு மண்ணு போட்டாலும் ரொம்ப மாட்டேங்குது சார்."

குழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனை பார்க்கும்போது நம் பக்கத்தில் ஒரு சோதனை செய்வார்கள். மனையின் நடுவில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுவது. தோண்டிய மண்ணை மறுபடியும் அதே குழியில் போட்டு மூடுவது. மண் மிஞ்சினால் உத்தமம். சரிமட்டமாக நின்றால் மத்திமம். குறைந்தால் அதமம் — அந்த இடத்தில் வீடு கட்டாதே.

பாய் வீட்டுக்கு இதெல்லாம் உண்டா என்று கேட்கிறீர்களா? இந்தச் சோதனை வீட்டுக்காரருடையது இல்லை. மேஸ்திரியுடையது. மேஸ்திரிகளுக்கு மதம் கிடையாது. பயம் உண்டு.

பணியில் இருந்த காலத்தில் இதைப் பார்த்து நான் கேலி செய்வது வழக்கம். காரணம், மண் எப்போதும் மிஞ்சும்! பூமிக்குள் இறுகிக் கிடந்த மண்ணை வெட்டிப் போட்டால் அது உதிர்ந்து, காற்று புகுந்து, பொங்கிவிடும். எவ்வளவு மிதித்தாலும் பழையபடி அடங்காது. எழுதியவர்கள் எல்லோரும் பாஸாகிற பரீட்சை அது. அதனால்தான் இத்தனை காலம் நீடித்திருக்கிறது.

இங்கே ஒரு மனை ஃபெயிலாகியிருந்தது.

நான் போய் இறங்கியபோது நல்ல உச்சிவெயில். ஆற்றில் தண்ணீர் விடாத மாதம். ஒரு காலத்தில் முழுக்க நஞ்சையாக இருந்த இடம். இப்போது வெள்ளைக் கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, ஒரு தலைவர் பெயரில் 'நகர்' ஆகியிருந்தது. இரண்டு கட்சிக்கும் பொதுவான தலைவர். ஆட்சி மாறினாலும் போர்டு மாறாது. யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு மரம் இல்லை. ஒரு காக்கை இல்லை. ஜமால் பாயும் மேஸ்திரி தங்கராசுவும் குழிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, தூங்கும் நாயைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெட்டுன மண்ணு அத்தனையும் போட்டுட்டேன் சார். ஒரு சாண் குறைஞ்சுது" என்றார் தங்கராசு. "சரி, காத்து அடிச்சிட்டுப் போயிருக்கும்னு பக்கத்து மண்ணை வாரிப் போட்டு, மேல ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சுட்டுப் போனேன். காலைல வந்து பாத்தா மறுபடி சாண் பள்ளம். பழத்தைக் காணும்."

"ஆடு தின்னிருக்கும்யா."

"எந்த ஆடு சார் எலுமிச்சம்பழம் திங்கும்? அப்படித் தின்னாலும் அதோட சேத்து மண்ணையுமா திங்கும்?"

கடப்பாறையை வாங்கி மனையின் ஓரத்தில் ஒரு குத்துக் குத்தினேன். 'தொப்'. டெல்டாக் களி அப்படித்தான் பேசும். குழிக்குப் பக்கத்தில் வந்து குத்தினேன்.

'தும்…'

அந்த ஓசை முடியவில்லை. கீழே எங்கோ போய்த்தான் முடிந்தது. ஜமால் பாய் இரண்டடி பின்னால் போனார். நானும் போனேன், என்ன, சர்வீஸ் அனுபவத்தில் அதைக் கொஞ்சம் மெதுவாகச் செய்தேன்.

குனிந்து பார்த்தபோது குழியிலிருந்து முகத்தில் ஏதோ பட்டது. காற்று. அந்த வெயிலிலும் சில்லென்று, பழைய பானைக்குள் முகம் வைத்ததுபோல ஒரு வாசனையோடு.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன்.

மனைக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் ஒரு காலனி இருக்கிறது. அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு ஆட்கள் இந்த மனைகளின் குறுக்கே நடந்து போவார்கள். நடந்து நடந்து ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. பாதை நேராக வருகிறது. ஜமால் பாய் மனைக்குள் நுழைந்ததும் வளைகிறது. குழியை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு, தாண்டிய பிறகு மறுபடி நேராகப் போகிறது. சுற்றுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? முள் இல்லை. கல் இல்லை. குழியே நேற்று முன்தினம் வெட்டியது. பாதையோ புல் செத்துப்போன பழைய பாதை.

சித்தாள் வேலைக்கு வந்திருந்த பெண்கள் செங்கல் சுமந்துகொண்டு போனார்கள். அவர்களும் அதே வளைவில்தான் போனார்கள். தலையில் சுமையோடு, பேசிக்கொண்டே, கீழே பார்க்காமல். நடுவில் இல்லாத ஏதோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு.

"நேரா வாங்கம்மா! யாரு அப்பன் வீட்டுக் கூலி, சுத்திச் சுத்தி நடக்கறீங்க?" என்று கத்தினார் மேஸ்திரி.

அவர்களில் ஒருவர் பேர் அஞ்சலை. அந்தக் காலனிதான். ஐம்பதைத் தொட்டிருப்பார். சவுடு மண் நிறைந்த இரும்புப் பாண்டைத் தலையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்டார்: "சார், இத எங்க கொட்டட்டும்? இங்கயா, கேணிப்பக்கமா?"

"எந்தப் பக்கம்?"

"கேணிப்பக்கம்." முகவாயால் காட்டினார். குழி இருந்த பக்கம்.

"அங்கே கேணி எங்கேம்மா இருக்கு?"

அஞ்சலை திரும்பிப் பார்த்தார். நான் கேட்ட பிறகுதான் முதல்முறையாக அவரும் அதைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

"கேணி இல்லைங்க. அந்தப் பக்கத்துக்குப் பேரு அப்படித்தான். மாடு கேணிப்பக்கமா போவுது, மழை கேணிப்பக்கமா எறங்குதுன்னு சொல்லுவோம். கேணியெல்லாம் ஒண்ணும் கிடையாது."

"யார் அப்படிப் பேர் வெச்சது?"

"யாரு வெப்பா? எங்கம்மா சொல்லும், நாங்க சொல்றோம், எங்க புள்ளைங்களும் சொல்லுது. கேணியைச் சுத்திப் போடின்னு வெரட்டும். சுத்தித்தான் போவோம்."

உள்ளூர் ஆள் ஒருவரும் பார்த்திராத கிணறு. ஒரு திசைக்குப் பெயராக, கால்களில் ஒரு வளைவாக மட்டும் மிச்சம் இருக்கிறது. வெயில் அப்படியேதான் இருந்தது. எனக்கு முதுகில் வியர்வை நின்றுவிட்டது.

நிலத்தின் பழைய கணக்கு எனக்குத் தெரியும். நஞ்சை, நெல், இரண்டு போகம் — எந்த வருஷத்துப் பசலிக் கணக்கை எடுத்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். கிணறு என்று ஒரு வரி இருக்காது. யோசித்துப் பாருங்கள்: வாய்க்கால் தண்ணீர் காலடியில் ஓடும்போது வயலுக்கு நடுவே எவன் மெனக்கெட்டுக் கிணறு வெட்டுவான்? அந்தக் காலத்தில் இங்கே கிணறு என்றால் குடிக்க. குடிக்கக் கிணறு என்றால், சுற்றிலும் குடி இருந்திருக்க வேண்டும்.

ஜே.சி.பி. வேண்டாம் என்று சொல்லி, மண்வெட்டியால் ஓரத்திலிருந்து மெதுவாக வழிக்கச் சொன்னேன். இடுப்பளவு போனதும் கறுப்பாக மரம் தெரிந்தது. பனை. முழுப் பனையை இரண்டாகப் பிளந்து நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, அதன்மேல் மண் போட்டு மூடியிருந்தார்கள். ஒழுங்கான வேலை. அவசரத்தில் செய்திருந்தாலும் தெரிந்தவன் செய்த வேலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நஞ்சையாக இருந்தவரைக்கும் இந்த மூடி அழுகவே இல்லை. சேற்றுக்குள் காற்றுப்படாமல் கிடக்கிற பனை லேசில் சாகாது. மேலே ஏர் ஓடியிருக்கிறது, டிராக்டர் ஓடியிருக்கிறது. தாங்கிக்கொண்டு சும்மா கிடந்தது. மனை போட்டார்கள். தண்ணீர் பாய்வது நின்றது. களி வெடித்தது. வெடிப்பு வழியாகக் காற்று இறங்கிற்று. பனை அழுகத் தொடங்கிற்று. மேலே இருந்த மண் ஒவ்வொரு பிடியாக உள்ளே விழத் தொடங்கிற்று.

ஆக, ஜமால் பாய் ஹால் கட்ட நினைத்த இடத்தில் ஒரு கிணறு பல வருஷமாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. மூடிமேல் நாம் நடந்துகொண்டிருந்தோம். நாம் என்றால்… காலனிக்காரர்கள் நீங்கலாக.

மரத்தை விலக்கினார்கள். சுட்டமண் வளையங்களை உறையாக இறக்கிய கேணி. உறையின் விளிம்பில் கயிறு தேய்ந்து தேய்ந்து பள்ளம் பள்ளமாக இருந்தது. கொஞ்சப் பேர் இறைத்து வருகிற பள்ளம் இல்லை அது. ஒரு தெருவே இறைத்திருந்தால்தான் வரும். கீழே கறுப்புத் தண்ணீர், அசையாமல். அதில் எங்கள் தலைகள் தெரிந்தன.

மேஸ்திரிதான் ஆரம்பித்தார்: "சார், ரெண்டு லோடு மணலை அடிச்சு, மேல ஒரு ஸ்லாப் போட்டுட்டா முடிஞ்சுது. வெளில தெரியவே தெரியாது."

"அதுதான் சார் எனக்கும் வேணும்" என்றார் ஜமால் பாய், குரலைத் தாழ்த்தி. "மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போச்சுன்னா, கேணி மேல வீடு, அது இதுன்னு பேசிப் பேசி பேய் வீடாக்கிடுவாங்க. அந்த வீட்டுல யாரு சார் வந்து வாழுவா?"

"மூடலாம். ஆனால் முறைப்படி. தண்ணீரை இறைக்கணும். அடிச்சேற்றை எடுக்கணும். அப்புறம்தான் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் விட்டு இறுக்கணும். இல்லாவிட்டால் உங்கள் ஸ்லாப்பும் ஒரு நாள் எலுமிச்சம்பழம் போன வழியில் போகும்."

டீசல் என்ஜின் வந்தது. நாள் முழுக்க இறைத்தது. கறுப்பாக வந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஆள் இறங்குவதற்கு முன் செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு: அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது. கெட்ட காற்று இருந்தால் விளக்கு அணையும்; மனிதனும் அப்படித்தான். இறக்கினோம். பாதி ஆழத்தில், யாரோ வாய் வைத்து ஊதியதுபோலச் சுடர் படுத்தது. அணைந்தது. மேலே இழுத்து ஏற்றி மறுபடி இறக்கினோம். அதே இடம். அதே மாதிரி.

"உள்ள இருக்கவங்களுக்கு வெளிச்சம் புடிக்கல போல" என்றார் மேஸ்திரி. ஜோக்காகத்தான் சொன்னார். யாரும் சிரிக்காததால் அவரும் சிரிக்கவில்லை.

ப்ளோயர் வைத்துக் காற்று அடித்து, மறுநாள் விளக்கு அடிவரை போய் எரிந்த பிறகே ஆளை இறக்கினேன். அவன் கால் சேற்றில் பட்டதும் மேலே குரல் வந்தது: "சார்… கீழ என்னமோ கெடக்கு. நெறைய கெடக்கு."

அந்த நிமிஷம் எங்கள் எல்லோர் மனசிலும் ஒரே சொல்தான். யாரும் அதை வாயால் சொல்லவில்லை. ஜமால் பாயின் உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. இந்த ஜில்லாவில் கொடியும் கூலியும் குத்தகையுமாக அடித்துக்கொண்ட காலத்தைப் பார்த்தவர்களுக்குக் கிணற்றடியில் 'நிறையக் கிடக்கு' என்றால் வேறு என்ன தோன்றும்?

சங்கிலி போட்டு இழுத்தார்கள். கனமாக வந்தது. மேலே வந்து வெயிலில் விழுந்தது.

அம்மி.

அடுத்ததும் அம்மி. அப்புறம் ஒரு குழவி. ஒரு உரல். மறுபடி அம்மி. வந்துகொண்டே இருந்தது. சேற்றைக் கழுவிக் கழுவி வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழிவு. ஒன்றுபோல ஒன்று இல்லை.

எலும்பு வந்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியும். யாரைக் கூப்பிட வேண்டும், எதைத் தொடக்கூடாது, யார் வந்து பார்க்க வேண்டும் — எல்லாவற்றுக்கும் நடைமுறை உண்டு. ஒரு தெருவின் அம்மிகளுக்கு நடைமுறை இல்லை.

தங்கராசுவுக்கு இருந்தது. காலால் ஒன்றை உருட்டிப் பார்த்தார். "நல்ல கருங்கல்லு சார். சம்மட்டியால நாலு போடு போட்டா கடக்காலுக்கே ஆவும். பாய்க்குக் கல்லு லோடு மிச்சம். வெளிலயும் யாருக்கும் தெரியாது."

தப்பான யோசனை என்று சொல்ல முடியாது. பொறியியல் ரீதியாக அம்மி அருமையான அஸ்திவாரக் கல். ஜமால் பாய் தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லாமல், வேண்டாம் என்றும் இல்லாமல்.

சம்மட்டி எடுக்க ஆள் போனான். அதற்குள் அஞ்சலை வரிசையில் வந்து குந்திவிட்டார்.

ஒரு அம்மியின் முன்னால். அதன் குழிவு நடுவில் இல்லை. ஒருபக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது. நானும் அதைக் கவனித்து, கல்லில் ஏதோ மிருதுவான இடம் என்று நினைத்திருந்தேன். அஞ்சலை அந்தக் குழிவில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

"எங்கம்மா பீச்சாங்கைக்காரி" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "எல்லாத்துக்கும் பீச்சாங்கைதான் முந்தும். அரைக்கறப்ப அம்மி கோணிப்போவும். கல்லையே கோண வெச்சவடீன்னு எங்க ஆயா ஏசுமாம்."

என்ஜின் நின்றிருந்தது. கிணற்றுக்குள் தண்ணீர் ஊறுகிற சத்தம் கேட்டது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் பிறப்பதற்கு முன் நடந்தது. அம்மா சொல்லிக் கேட்டது. குடியிருக்கிறவர்களுக்கே குடியிருக்கும் மனை சொந்தம் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு. பேச்சு முதலில் யாருக்கு எட்டும்? பேப்பர் படிக்கிறவருக்கு. நிலத்துக்காரர் பேப்பர் படித்தார். குடி இருந்தால்தானே குடிமனை?

"ஒரே நாள்ல காலி பண்ணச் சொன்னாங்களாம். கீத்து, மூங்கி, பானை சட்டி எல்லாத்தையும் தலையில தூக்கிட்டு வாய்க்கா கரைக்கு வந்துட்டாங்க. கல்லை மட்டும் தூக்க விடலயாம். கனமா இருக்குல்ல, நாளைக்கு வந்து எடுத்துக்கங்கன்னாங்களாம்."

"நாளைக்கு?"

"நாளைக்கு வந்து பாத்தா, நாத்து நட்டிருந்துச்சாம்."

அவ்வளவுதான் சொன்னார். தெரு நின்ற இடத்தில் மறுநாள் பச்சையாக நாற்று. காற்றில் ஆடிக்கொண்டு. எத்தனை இடிப்புகளை நான் பார்த்திருக்கிறேன் — செங்கல் குவியும், புழுதி பறக்கும், ஆட்கள் அலறுவார்கள். இந்த இடிப்பில் சத்தமே இல்லை. அதனால்தான் காதில் இன்னும் கேட்கிறது.

"பாய், இத எடுத்துக்கட்டுமாங்க?" என்றார் அஞ்சலை.

"எதுக்கு அஞ்சலை? ஊட்டுலதான் அரசாங்கம் குடுத்த மிக்சி இருக்கே. கிரைண்டரும் இருக்கு" என்றார் மேஸ்திரி.

"மிக்சிய எவனும் கேணில போடலியே மேஸ்திரி. போட்டா அதையும் வந்து கேப்போம்."

ஜமால் பாய் அவரைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. ஒரு அம்மி போனால் எல்லா அம்மியும் போகும். காலனியே வரும். மெயின் ரோட்டு வழியாகத் தலையில் கல் சுமந்து ஒரு ஊர்வலம் போகும். சாயங்காலத்துக்குள் கூத்தாநல்லூர் டீக்கடையில் இதுதான் பேச்சு. பெண்ணின் நிக்காஹ் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது. சம்மட்டியோ கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"என்னைக் கேக்காதம்மா" என்றார். சம்மட்டியை ஒரு தடவை பார்த்தார். "உன் அம்மா பொருளுக்கு நான் யாரு உத்தரவு குடுக்கறதுக்கு? தூக்கிட்டுப் போ. மத்தவங்களையும் வரச் சொல்லு."

வந்தார்கள். யாரும் அழவில்லை, சத்தம் போடவில்லை. வரிசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். குனிந்து, குழிவில் கை வைத்துப் பார்த்து, அடுத்ததற்குப் போய், மறுபடி திரும்பி வந்து… இறந்தவர்களின் கையைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு. ஒரு அம்மிக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தி குழிவில் கை வைத்தாள், மற்றவளைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். ஏன், எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சேதி போயிற்று. மறுநாளே மாப்பிள்ளையின் தகப்பனார் போன் செய்தார். ஜமால் பாய் ஸ்பீக்கரில் போட்டார். தனியாகக் கேட்க அவருக்குப் பயம்.

"என்ன ஜமாலு, மனைல என்னமோ வந்துச்சாமே?"

"ஆமா காக்கா," என்றார், அண்ணன் என்கிற முறையில். "கேணி ஒண்ணு. அதுக்குள்ள அம்மிங்க."

"யாரு அம்மி?"

"அங்க முன்னாடி குடியிருந்தவங்களுது. அவங்கவங்க வந்து எடுத்துட்டுப் போய்ட்டாங்க."

ஜமால் பாய் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினார்.

"அப்ப சரி. அவங்க ஹக்கு அவங்க கைக்குப் போயிடுச்சு. அடுத்தவன் ஹக்கு மேல நம்ம புள்ளைங்க படுத்து எந்திரிக்க வேணாம்ல? நீ வேலையைப் பாரு."

ஹக்கு — நியாயமாக ஒருவருக்குச் சேரவேண்டியது. எத்தனை சட்டம் படித்திருக்கிறேன், இவ்வளவு சின்னதாக ஒரு சொல் அவற்றில் இல்லை. பாய் போனை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வீடு அவர் பெண்ணுக்கு உண்டு. நிக்காஹும் உண்டு.

பிளானைத் திருத்தினேன். வீட்டைப் பின்னால் தள்ளினேன். ஹால் சுருங்கியது, கேணி முன்வாசலுக்கு வெளியே வந்தது. மூட வேண்டாம் என்று பாயே சொல்லிவிட்டார். சுற்றிச் சுவர் எடுத்து, மேலே கம்பி வலை. எல்லாம் சுபம் என்று நான் இந்த இடத்தில் பத்தியை முடித்திருப்பேன்.

ஆனால் ஒரு அம்மி மிஞ்சியது.

சின்ன அம்மி. எல்லோரும் எடுத்துப் போன பிறகும் தனியாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு அடையாளம். அம்மி கொத்துகிறவர்கள் பூ, மீன் என்று ஏதாவது கொத்திக் கொடுப்பார்கள் இல்லையா? இதில் கதிரும் அரிவாளும் இருந்தது.

"இது யாருதும்மா?" என்று அஞ்சலையைக் கேட்டேன்.

"கொடி ஏத்துனவரு வீட்டுதுங்க."

"அவங்க ஏன் வரலை?"

அவர் அம்மியின்மேல் ஒட்டியிருந்த மிச்சச் சேற்றை நகத்தால் சுரண்டினார்.

"எல்லா வீடும் கரைக்கு வந்துச்சு, அந்த ஒரு வீடு மட்டும் வரலம்பாங்க. எங்க போனாங்கன்னு கேட்டா எங்கம்மா பேச்சை மாத்திடும். தஞ்சாவூர் போனாங்கம்பாங்க. கடலோரம் போனாங்கம்பாங்க. யாரும் பாத்ததில்லைங்க."

கேணியின் அடியை நான் பார்த்திருக்கிறேன். சேறு முழுக்க எடுத்து, சலித்து, தரை தட்டும்வரை பார்த்தாயிற்று. கேணியில் யாரும் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கேணியைப் பற்றி மட்டும் சொல்வேன்.

மறுநாள் புதிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கடக்கால் வெட்ட ஜே.சி.பி. தயாராக நின்றது. "எவ்வளவு ஆழம் சார்?" என்றார் மேஸ்திரி.

"கெட்டி மண் வர்ற வரைக்கும்" என்றேன். புத்தகத்தில் இருக்கும் விதி. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஜமால் பாய் என் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சின்ன அம்மியைப் பார்த்துக்கொண்டே, மேஸ்திரிக்குக் கேட்காமல் சொன்னார்:

"கெட்டி மண் வந்ததும் நிறுத்திடலாம்ல சார்? அதுக்குக் கீழ… ஒரு சாண்கூட வேணாம்."

நிறுத்திவிடலாம் என்றேன். நிறுத்தியும்விட்டோம். வீடு இப்போது கதவுநிலைக்கு மேலே, லிண்டல் மட்டத்தில் நிற்கிறது.

இந்தப் பக்கத்தில் கெட்டி மண் எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.